சுவரெல்லாம் கோடு போட்ட வீடு

வீட்டில் சாமான்களைப் போட்டது போட்டபடி விட்டுவிடுகிறவர்களால் பெரிய கெடுதல் எதுவும் வருவதில்லை. ஒரு சீப்பு காணாமல் போகும். ஒரு செருப்பு கட்டிலுக்கு அடியில் போய்த் தங்கிவிடும். அவ்வளவுதான். கெடுதலெல்லாம் எடுத்து வைக்கிறவர்களால்தான் வருகிறது. அதிலும், தான் எடுத்து வைப்பதோடு நிற்காமல், பெண்டாட்டி பிள்ளைகளையும் எடுத்து வைக்கச் சொல்லிப் பழக்குகிறவன் இருக்கிறானே, அவனிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் இராயபுரத்தில் அப்படி ஒருவன் இருந்தான். அவனைப் பற்றி நானே எழுதுவதுதான் நியாயம், ஏனென்றால் அவன் நான்தான்.

அப்போது எனக்குத் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கருவிகள் வைக்கும் ஸ்டோர்ஸுக்கு நான் பொறுப்பு. அங்கே சுவர் முழுக்கப் பச்சைப் பலகை அடித்து, அதில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் குறட்டுக்கும் அதனதன் உருவத்தில் வெள்ளைக் கோடு வரைந்திருப்பார்கள். சுத்தியலை எடுத்தால் சுத்தியல் வடிவத்தில் ஒரு வெற்றிடம் தெரியும். எடுத்துப் போகிற தொழிலாளி தன் நம்பர் பொறித்த பித்தளை டோக்கனை அந்த இடத்தில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். மாலையில் சுத்தியலைக் கொடுத்துவிட்டு டோக்கனை வாங்கிக்கொள்வான். கோடு போட்ட இடம் இல்லாமல் கிடக்கிற எந்தச் சாமானும் கேட்பாரற்றது என்று அனாமத்துக் கணக்கில் போய்ச் சேரும்.

சாயங்காலம் எல்லாச் சாமானும் திரும்பி வந்து, எல்லாக் கோடும் நிரம்பியிருக்கும்போது அந்தப் பலகையைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். (சில பேர் கடற்கரைக்குப் போய் அலையைப் பார்ப்பார்கள். நான் பலகையைப் பார்ப்பேன்.)

அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தால் வயிறு எரியும். ஓட்டு வீடு, ஓர் அறை, ஒட்டினாற்போல் சமையல்கட்டு. நானும் ரோஸியும் மூன்று பிள்ளைகளும். கதவைத் திறந்தால் காலில் முதலில் படுவது பம்பரம், அடுத்தது பல்லாங்குழிச் சோழி, அதற்கடுத்தது யாராவது ஒரு பிள்ளை. பெரியவள் ஸ்டெல்லாவுக்கு அப்போது எட்டு வயது. மற்ற இரண்டும் பையன்கள். சாமான்களை இறைப்பதில் அவளுக்கு உதவியாளர்கள்.

ஒரு விடுமுறை நாளில் அரை டப்பா சிவப்பு எனாமல் பெயிண்டோடு உட்கார்ந்தேன். மாலைக்குள் வீட்டுச் சுவர் முழுக்கக் கோடு போட்டுவிட்டேன். தோசைக்கல்லுக்கு ஒரு வட்டம். முறத்துக்கு ஒன்று. அரிவாள்மணைக்கு, விளக்குமாற்றுக்கு, பிள்ளைகளின் பைகளுக்கு. மேஜை மேல் இருக்கும் ரேடியோவுக்குப் பின்சுவரில் ஒரு நீள்சதுரம். குடையை மட்டும் அவசரத்தில் விரித்து வைத்து வரைந்துவிட்டேன். அதனால் அது எங்கள் வீட்டுக்குள் வெயில் காலத்திலும் விரிந்தே தொங்கியது.

டோக்கனும் செய்தேன். சோடாப் பாட்டில் மூடியைத் தட்டி, ஓட்டை போட்டு, ஆளுக்கு ஒரு நிறம் அடித்துக் கொடுத்தேன்.

ரோஸி கையில் கரண்டியோடு வந்து சுவரைப் பார்த்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். சந்தேகம் கேட்டாள்.

"தோசை திருப்பணும்னா டோக்கன் மாட்டிட்டுத்தான் கரண்டிய எடுக்கணுமா?"

"ஆமா."

"அதுக்குள்ள தோசை தீஞ்சா அத எந்தக் கோட்டுல மாட்டணும்?"

நான் பெயிண்ட் டப்பாவை மூடினேன். நிர்வாகத்தில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதுதான் நல்லது.

வீட்டிலும் அனாமத்து உண்டு. சமையல்கட்டு மூலையில் ஒரு கோணிச் சாக்கு. கோடு இல்லாமல் கிடக்கிற எதுவும், வேறொன்றின் கோட்டில் உட்கார்ந்திருக்கிற எதுவும் அந்தச் சாக்குக்குள் போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் போடும் முனுசாமி தள்ளுவண்டியோடு எங்கள் தெருவுக்கு வருவான். சாக்கு அப்படியே அவனுக்கு. வாயைக் கட்டிய சாக்கை மறுபடி பிரிக்கக் கூடாது என்பது மேற்படி சட்டத்தின் முக்கியமான பிரிவு. பிரித்தால் பிள்ளைகள், 'இது மட்டும் நைனா, இது மட்டும்' என்று அழும். (அப்பா என்று கூப்பிடச் சொல்லித்தான் பழக்கினேன். தெரு என்னைவிடப் பெரிய வாத்தியார்.) அழுதால் எனக்கு மனசு இளகிவிடும். இளகக் கூடாது என்றுதான் சட்டம்.

வாரம் ஒரு பிள்ளை ஸ்டோர் கீப்பர். பையன்கள் தங்கள் முறை வந்தால் தூங்கிவிடுவார்கள். ஸ்டெல்லா அப்படியில்லை. தன் சொந்தப் பொம்மையைக் கண்ணில் தண்ணீர் வராமல் சாக்கில் போட்டாள். ஒரு நாள் என்னுடைய ஒரு செருப்பு வாசற்படி ஓரம் தனியாகக் கிடந்ததைப் பார்த்து அதையும் போட்டாள். "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே நைனா" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வாரம் ரப்பர் செருப்போடு வேலைக்குப் போனேன். ஸ்டோர்ஸில் எல்லோரிடமும் மகள் வளர்கிற விதத்தைச் சொன்னேன்.

மே மாதம் வந்தது. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மே மாதம் மாதாவின் மாதம். தெருவுக்கென்று ஒரு மாதா சுரூபம் உண்டு. வேங்கை மரத்தில் செய்தது. ஒரு முழ உயரம். பீடத்துக்கு அடியில் கனமாக இரும்புத் தகடு வைத்திருப்பார்கள், காற்றில் சாயாமல் இருக்க. அந்த மாதா அந்த மாதம் முழுக்க வீடு வீடாகப் போவார். ஒரு வீட்டில் ஓர் இரவு. மறுநாள் சாயங்காலம் தெருவே திரண்டு வந்து, மெழுகுவர்த்தியும் பாட்டுமாகச் சுரூபத்தை எடுத்து அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைக்கும். அங்கே ஜெபமாலை, பிறகு சுண்டல்.

எங்கள் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை முறை வந்தது. எங்களுக்கு அடுத்து ஞாயிற்றுக்கிழமை, எதிர்வீட்டுப் பிலோமினா அக்கா. அக்காவின் ஒரே மகன் திங்கட்கிழமை விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் முதல்முறையாகக் கடலுக்குப் போவதாக இருந்தது. அக்காவின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். மகனாவது வேறு வேலைக்குப் போகட்டும் என்று அக்கா பார்த்தாள்; அவன் கேட்கவில்லை. அதனால் மாதா காலடியில் ஒரு ராத்திரி வைத்த கறுப்புக் கயிற்றைக் கையில் கட்டித்தான் அவனை அனுப்புவேன் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். "என் மவன் போற அன்னிக்கு மொதல் நாள் மாதா என் வூட்டுல இருக்கணும்" என்று, கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் மன்றாடித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையை வாங்கியிருந்தாள்.

சனிக்கிழமை மாலை மேஜையிலிருந்து ரேடியோவை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். வெள்ளைத் துணி விரித்து, ஜிகினாக் காகிதத்தில் வளைவு கட்டி, மாதாவை வைத்தோம். ஒற்றை அறை வீடு என்பதால் முன்னால் ஒரு திரையும் தொங்கவிட்டோம். மாதா பார்க்க, குடும்பமே உடை மாற்றிப் படுத்துத் தூங்க முடியாது அல்லவா. ஜெபம் நடக்கும்போது திறப்பது, முடிந்ததும் மூடுவது.

ஜெபம் முடிந்து, சுண்டல் கொடுக்கிற நெரிசலில் ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்த வாரம் அவள்தான் ஸ்டோர் கீப்பர்.

"நைனா, மாதாவுக்கு கோடு எங்க கீது?"

நான் உபதேசியாருக்கு இரண்டாவது பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அவங்க ரேடியோ கோட்டுல நிக்கிறாங்க நைனா."

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா, போ" என்றேன். (அவள் என்ன கேட்டாள் என்று காதில் விழுந்தது. மூளைக்குப் போகவில்லை. பிள்ளை வளர்ப்பில் பெரும்பாலான விபத்துகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கின்றன.)

ஞாயிறு காலை ரோஸி தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் முகத்தில் சோப்பைப் பூசிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். ஸ்டெல்லா தன் வேலையைச் செய்துகொண்டிருந்தாள். சாக்கைக் கட்டி வாசலில் கொண்டுவந்து வைத்தாள். கோயிலுக்குப் புறப்படும் முன் ஐந்து பேரும் திரைக்கு முன்னால் மண்டியிட்டோம். நேரமாகிவிட்டதால் திரையைத் திறக்கவில்லை. பிள்ளைகளுக்கு நல்ல புத்தியும், வீட்டுக்கு ஒழுங்கும் கேட்டு நான் கொஞ்சம் அதிகமாகவே வேண்டிக்கொண்டேன். எழுந்திருக்கும்போது கண்கள் ஈரமாக இருந்தன.

பூசை முடிந்து திரும்பும்போது முனுசாமியின் குரல் கேட்டது. அவனே வாசலுக்கு வந்து சாக்கைத் தூக்கிப் பார்த்தான்.

"இன்னா சார், இந்த வாரம் செம கனமா கீது. உள்ள இஞ்சின் கிஞ்சின் வெச்சிகிறியா?"

"பிரிக்காதே. அப்படியே எடுத்துக்கோ."

"பிரிக்காத எப்டி சார் பயம் குடுக்கறது?" (அவன் பேச்சில் பயம் என்றால் பழம்.)

"உன் மனசுக்கு எவ்வளவு படுதோ அவ்வளவு குடு, முனுசாமி. கணக்குப் பாக்காதே."

அவன் மனசு தாராளம். பெரிய பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தான். அத்தனை பேரீச்சம்பழத்தை எங்கள் வீடு அதுவரை கண்டதில்லை. மாதா வந்த நாள், வீட்டில் இனிப்பு சேருகிறது என்று எனக்குத் தோன்றியது. தட்டில் வைத்து அக்கம்பக்கம் கொடுத்தனுப்பினேன். பிலோமினா அக்கா வாசலில் நின்றே நான்கைந்து தின்றாள். அந்த வழியாகப் போன உபதேசியாரைக் கூப்பிட்டுக் கை நிறையக் கொடுத்தேன். நல்ல பழம், கொட்டை சின்னது என்றார்.

மதியச் சமையல் முடித்துவிட்டு ரோஸி புதுப் பூ வைக்கத் திரையை விலக்கினாள்.

பூவைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க. இங்க வாங்க."

போனேன். ஜிகினா வளைவு இருந்தது. வெள்ளைத் துணி இருந்தது. இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி இருந்தது. நடுவில் எங்கள் ரேடியோ, தன் சிவப்புக் கோட்டுக்குள் ஒரு நூல் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. காலையில் நான் கண்ணீர் விட்டு வேண்டிக்கொண்டது அதனிடம்தான்.

"மாதா எங்க?" என்றாள் ரோஸி.

ஸ்டெல்லா முன்னால் வந்து நின்றாள். பாராட்டை எதிர்பார்க்கிற முகம்.

"ரேடியோ கோட்டுல வேற சாமான் இருந்துது. எடுத்துட்டு ரேடியோவ வெச்சிட்டேன்."

"எடுத்து எங்கடி வெச்ச?"

"மாதாவுக்குத்தான் கோடே இல்லையேம்மா. நைனாவ கேட்டேன். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுன்னு சொன்னாரு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "சொம்மா போடலம்மா. என் புதுநன்மை கவுன சுத்தி, ஓட்ட வாணலிக்குள்ள மெதுவா படுக்க வெச்சேன்." (முதல்முறை நற்கருணை வாங்கிய அன்று அவள் போட்ட வெள்ளை கவுன் அது.)

அந்தச் சமயம் என் வாயில் ஒரு பேரீச்சம்பழம் இருந்தது. துப்புவதா விழுங்குவதா என்று தெரியவில்லை. துப்பினால் அவமரியாதை. விழுங்கினால் அதைவிடப் பெரிய அவமரியாதை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நின்றேன்.

ரோஸி என்னைத் திட்டவில்லை. "பழத்துக்குப் போட்டுட்டீங்க" என்றாள், அவ்வளவுதான். பிறகு, எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டே, "அக்கா கயிறு வாங்கி வெச்சிட்டாங்க" என்றாள்.

நான் ஸ்டெல்லாவை அடிக்கக் கையை ஓங்கியது உண்மை. அவள் நகரவில்லை. "நீதான் நைனா சொன்னே" என்று அண்ணாந்து பார்த்தாள். ஓங்கிய கையால் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டேன். மூட்டையைக் கட்டியது அவள் என்பதால் அவளையும் பாரில் உட்கார வைத்தேன்.

முனுசாமி தண்டையார்பேட்டையில் கோடவுன்களுக்குப் பின்னால் எங்கேயோ குடியிருக்கிறான் என்பது மட்டும் தெரியும். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். வழியில் காணும் ஒவ்வொரு தள்ளுவண்டியையும் நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒருவன் வண்டியில் கத்தரிக்காய் இருந்தது. "வாங்கறதுனா வாங்கு, மொறைக்கறதுனா வூட்டுல போயி மொற" என்றான். வழியெல்லாம் என் மனதில் ஒரே படம். எங்கேயோ ஓர் உலையில் இரும்பைக் கொட்டுகிறார்கள். அதற்கு மேல் பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஒரு டீக்கடையில் விசாரித்தேன்.

"பேரீச்சம்பழம் முனுசாமி வீடு?"

"நேரா போயி பீச்சாங்கைப் பக்கம் திரும்பு சார். கும்பலா இருக்கும் பாரு, அந்த வூடுதான்."

"கும்பல் எதுக்கு?"

"மேட்டரே தெரியாதா? மாதாம்மா வந்துகிறாங்க சார். தானா வந்துகிறாங்க. சாக்குல."

டீக்கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பெடலைப் பார்த்தேன்.

முனுசாமியின் வாசலில் பழைய இரும்பு மலை மாதிரிக் குவிந்திருந்தது. அந்த மலைக்கு நடுவில் ஒரு பீப்பாயைக் கவிழ்த்து வைத்து, கழுவி, கோலம் போட்டு, அதன் மேல் எங்கள் தெரு மாதாவை நிறுத்தியிருந்தார்கள். கழுத்தில் மல்லிகைப்பூ. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. காலடியில் வேப்பிலை, தேங்காய், கற்பூரம். ஸ்டெல்லாவின் வெள்ளை கவுன் மடித்து ஒரு தாம்பாளத்தில் தனியாக வைக்கப்பட்டிருந்தது. பெண்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். முனுசாமி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தர்மகர்த்தா மாதிரி நின்றான். என்னைக் கண்டதும் பீப்பாய்க்குப் பின்னால் போய்விட்டான்.

முன்னால் வந்தது அவன் மனைவி கன்னியம்மா.

"இன்னா சார், கும்புட வந்தியா? செருப்ப அங்க வுட்டுட்டு வா."

"இது எங்க தெரு மாதாம்மா" என்றேன்.

"மாதான்னா ஒரு தெருவுக்கு மட்டுமா சார்? அல்லாருக்கும்தான்."

"அப்படியில்ல. தவறுதலா வந்துட்டாங்க."

"தவறுதலா நீ வருவே, நான் வருவேன். அவங்க வருவாங்களா?"

கூட்டம் ஆமோதித்தது. மீன் கூடையோடு வந்த ஒரு அம்மாள், "அவங்களுக்கு இஸ்டம் இல்லாத யாரு தூக்கினு வர முடியும்? வந்தவங்கள அனுப்பறது பாவம்" என்றாள். நான் படித்தவன் என்பதைக் காட்டும் தமிழில் ஏதோ விளக்கத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை. ஒரு பெண் எனக்கும் விபூதி கொடுத்தாள்.

அப்போதுதான் ஸ்டெல்லா தாம்பாளத்தை நோக்கிப் போனாள்.

"இது என்னோட கவுனு."

"தொடாத கண்ணு, அம்மா கட்டினு வந்த துணி."

"என்னோட புதுநன்மை கவுனு. கைப்பக்கம் கிழிஞ்சி கீது பாருங்க. ஆணில மாட்டி நான்தான் கிழிச்சேன். எங்கம்மா ஊசில இருந்த கறுப்பு நூல்லயே தச்சாங்க, வெள்ள நூல எடுக்க டோக்கன் காலியாயிடுச்சுன்னு."

கன்னியம்மா கவுனைப் பிரித்துப் பார்த்தாள். கறுப்புத் தையல் இருந்தது. அவள் ஸ்டெல்லாவையும் தையலையும் மாறி மாறிப் பார்த்தாள். கூட்டம் நெருங்கி வந்தது. கன்னியம்மாதான் கேட்டாள்.

"அப்போ, மாதாவ சாக்குல போட்டது யாரு?"

ஸ்டெல்லாவின் வாய் திறந்தது. அத்தனை பெண்களும் அவளைப் பார்த்தார்கள். அவள் காது சிவந்துவிட்டது. அதுவரைக்கும் அவள் சரியாகத்தான் செய்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்; அப்போதுதான் முதல்முறையாகப் பயந்தாள். சட்டம் போட்டவன் நான். அதை எழுத்துப் பிசகாமல் கேட்டவள் அவள்.

"நான்தான் போட்டேன்" என்றேன்.

"நீயா? எதுக்கு?"

"வீட்டுல அவங்களுக்கு இடம் இல்லைன்னு."

"இத்தினியூண்டு அம்மாவுக்கா எடம் இல்ல?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைப் பலகை, சிவப்புக் கோடு, சோடா மூடி, விரித்த குடை, முனுசாமி கொடுத்த பொட்டலம், எல்லாம். சொல்லச் சொல்ல, அது எனக்கே நம்பும்படியாக இல்லை.

மீன்காரம்மாள்தான் முதலில் பேசினாள். "எங்க வூட்டுக்காரன் என் கொலுசத்தான் சாராயத்துக்குப் போட்டான். இந்த ஆளு மாதாவையே பேரீச்சம்பயத்துக்குப் போட்டுகிறான். இத்தினி நாளா அந்த ஆள நான் சொம்மா திட்டிட்டேன்."

சிரிப்பு ஆரம்பித்தது. இரும்பு மலை அதிரும்படியான சிரிப்பு. முனுசாமிகூடப் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து சிரித்தான். கன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"பயத்தக் குடுத்துட்டு அம்மாவ எட்த்துனு போ. அதான் மொறை."

"தின்னுட்டோம்" என்றேன்.

"அல்லாத்தையுமா?"

"தெருவுக்கே குடுத்துட்டேன்."

மறுபடி சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிலோமினா அக்காவையும், மகனையும், கயிற்றையும் பற்றி அப்போதுதான் சொன்னேன். கடலுக்குப் போகிற பிள்ளை என்றதும் மீன்காரம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். கன்னியம்மா மாதாவைப் பார்த்தாள். அவர் கழுத்தில் நழுவிய பூவைச் சரிசெய்தாள்.

"சரி. கூட்டினு போ. ஆனா சாக்குல வந்தவங்க சாக்குல போவக் கூடாது. நாங்களே வந்து வுடறோம். மோளத்தோட."

மோளக்காரர்கள் பக்கத்துச் சந்தில்தான் இருந்தார்கள். அவர்களுக்குத் தொழில் சாவு வீடுகளில். அவர்களுக்குத் தெரிந்த அடியும் ஒன்றுதான். அந்த ஒரே அடியை அடித்துக்கொண்டு அவர்கள் முன்னால் போக, தலையில் சும்மாடு வைத்து மாதாவைச் சுமந்து கன்னியம்மா நடக்க, பின்னால் பெண்கள் கூட்டம் வந்தது. நடுவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான். தண்டையார்பேட்டையிலிருந்து இராயபுரம் வரை கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். சைக்கிள்களில் போனவர்கள் இறங்கினார்கள். ஒருவர் என் பக்கத்தில் வந்து, மெதுவாக, "செத்துப் பூட்டது யாரு சார்?" என்று கேட்டார்.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

எங்கள் தெருவில் சாயங்கால ஊர்வலத்துக்காக மெழுகுவர்த்திகளோடு எல்லோரும் கூடியிருந்தார்கள். சாவு மோளம் கேட்டதும் உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். பிலோமினா அக்கா மகனின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு முனை திரும்பிக் கன்னியம்மாவும் அவள் தலைமேல் பூவும் பொட்டுமாக மாதாவும் வந்தார்கள். தெருவே வாயைத் திறந்தது. ரோஸி மட்டும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கதை தெரிய அதிக நேரம் ஆகவில்லை. கன்னியம்மாவின் கூட்டத்தில் ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் நான் இன்னும் கொஞ்சம் கேவலமானேன். உபதேசியார் முகம் கடுமையானது. பெரிய பிரசங்கத்துக்கு மூச்சை இழுத்தார். அப்போது பிலோமினா அக்கா குறுக்கிட்டாள்.

"காலையில எனக்கு ஒரு தட்டு பயம் குடுத்தியே."

"ஆமாக்கா."

"அது இந்தப் பயந்தானா?"

"அதேதாங்க்கா."

அக்கா உபதேசியாரிடம் திரும்பினாள். "ஐயா, நான் தின்னுட்டேனே. பாவமா?"

உபதேசியார் இழுத்த மூச்சை விட்டார். காலையில் அவர் கையில் இருந்ததும், கொட்டை சின்னது என்றதும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"தெரியாமல் தின்றால் பாவமில்லை" என்றார். பிரசங்கம் அதோடு முடிந்தது.

நெற்றிக் குங்குமத்தைத் துடைக்க யாரோ ஈரத்துணி கொண்டுவந்தார்கள். அக்கா தடுத்துவிட்டாள். "வெச்ச பொட்டு இருக்கட்டும். அவங்க எங்கெங்கயோ போயித் திரும்பி வந்துகிறாங்க. என் மவனும் வரட்டும்" என்றாள். ஈரத்துணி திரும்பிப் போனது. மாதா அப்படியே பொட்டோடும் வேப்பிலையோடும் அக்கா வீட்டுக்குள் போனார். அன்றைக்கு ஜெபமாலைக்குத் தண்டையார்பேட்டைப் பெண்களும் உட்கார்ந்தார்கள். ஜெபம் தெரியாத இடங்களில் குலவையிட்டார்கள். சுண்டல் போதவில்லை.

மகன் திங்கட்கிழமை விடியலில் கயிற்றோடு கடலுக்குப் போனான். அன்று மாலை அவன் திரும்பி வரும் வரை நான் வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவும் இல்லை, வாசலிலேயே நின்றேன். அவன் சிரித்துக்கொண்டு வந்தான், நல்ல மீன்பாடு. அக்கா முதல் வஞ்சிரத்தைத் தண்டையார்பேட்டைக்குக் கன்னியம்மாவுக்கு அனுப்பினாள். எங்கள் வீட்டுக்கு ஒரு நெத்திலிகூட வரவில்லை. அது நியாயம்தான்.

சுவருக்கு வெள்ளையடித்தோம். எனாமல் பெயிண்ட் லேசில் மறையாது. பல வருஷங்களுக்கு எங்கள் சுவரில் தோசைக்கல்லும் முறமும் விரித்த குடையும் இளஞ்சிவப்பாகத் தெரிந்துகொண்டிருந்தன. வருகிறவர்களுக்கு ரோஸி ஒவ்வொன்றாகக் காட்டி விளக்குவாள். இப்போதும் தெருவில் யாராவது பேரீச்சம்பழம் என்று கூவினால் நான் எழுந்து உள்ளே போகிறேன். ரோஸி வீட்டில் இருக்கிறாளா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

ஸ்டெல்லா இப்போது மணலி புதுநகரில் இருக்கிறாள். புருஷன், இரண்டு பிள்ளைகள். அவள் வீட்டில் சாமான்கள் கிடக்கிற கிடையைப் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டும். நடு வீட்டில் ஒரு மரக்குதிரை, சோபாவில் ஈரத்துண்டு, பாத்ரூமில் ஒரு பாடப்புத்தகம். போன மாதம் போயிருந்தபோது பொறுக்க முடியாமல் குனிந்து தரையில் கிடந்த ஒரு பொம்மையை எடுத்தேன். சமையலறையிலிருந்து ஸ்டெல்லா, கட்டிலிலிருந்து ரோஸி, மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மாப்பிள்ளை, அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே குரலில் சொன்னார்கள்:

"அத அங்கயே வைங்க."

வைத்தேன்.

கிளம்பும்போது ரோஸி வழக்கம்போல் வாசலில் நின்று, அவள் வீட்டுச் சாமான் எதுவும் இல்லை என்று என் பையைத் திறந்து மகளுக்குக் காட்டினாள். வேட்டி, துண்டு, மாத்திரை. அது எங்கள் குடும்பத்தில் விடைபெறுகிற முறையாகவே ஆகிவிட்டது.

"எல்லாம் சரியா இருக்கா பாத்துக்கோடி" என்றாள். "புள்ளைங்க ரெண்டும் கீதா? மாப்பிள்ளைய ஒரு குரல் குடுக்கச் சொல்லு. அப்புறம்தான் நாங்க பஸ் ஏறுவோம்."

மாடியிலிருந்து மாப்பிள்ளை குரல் கொடுத்தார்.